வராதவங்க எங்க?

மத்தியானம் ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிப் போன பிறகுதான் நர்ஸம்மாவுக்கு வேலையே ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ஊசி போடுவார், பிரஷர் பார்ப்பார், புண்ணைக் கழுவிக் கட்டுவார், வரிசையில் முண்டுகிறவர்களை ஒரு அதட்டலில் அடக்குவார். அதெல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும். கடைசி ஆளும் போனதும் முகம் கழுவிக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரே உட்காருவார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வருவார்.

"வந்தவங்க வந்துட்டாங்க. வராதவங்க எங்கடி?"

அன்றைக்கு வந்திருக்க வேண்டிய, ஆனால் வராத பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

கள்ளக்குறிச்சியில் ஏரிக்கரையை ஒட்டினாற்போல் இருந்த குடியிருப்பில், இரண்டே அறையில் நடந்த இலவச மருத்துவமனை அது. வெளியூர் அறக்கட்டளை ஒன்று வாடகையும் சம்பளமும் கொடுத்தது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். நான் சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து சீட்டு எழுதி மருந்து கொடுத்தேன். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், சித்தாள்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள், கல்வராயன் மலையிலிருந்து கட்டட வேலைக்கு இறங்கி வந்தவர்கள், இவர்கள்தான் எங்களிடம் வந்தார்கள். நர்ஸம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளக் கையெழுத்தில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற பிறகு இங்கே வந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இடது முழங்காலில் வலி. படி இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடிப்பார், தெருவுக்கு வந்துவிட்டால் வலி இருப்பதாகவே தெரியாது.

மண்டியில் ராசேந்திரன் என்று ஒரு மூட்டைக்காரர். பிரஷர் எகிறிப்போய்க் கிடந்த ஆள். மாத்திரை வாங்க வரவே மாட்டார். நர்ஸம்மா குடையோடு மண்டிக்குள் நுழைந்தால் மக்காச்சோள மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்.

"ராசேந்திரா, காலு தெரியுது. வெளிய வா."

இளித்துக்கொண்டே வருவார். "ஒடம்பு நல்லாதாம்மா இருக்குது. செத்தா சாவுறேன், உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

"நீ செத்தா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. சாவாம, வாய் கோணிக்கினு படுத்துக்கினு கெடந்தினா உன் பொண்டாட்டிதான பீ மூத்திரம் அள்ளணும்? அதுக்கு எவன் மாத்திரை குடுப்பான்?"

மண்டியே சிரிக்கும். அங்கேயே ஒரு மாத்திரையை வாயில் போடவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ராசேந்திரன் அடுத்த வாரமும் ஒளிவார். இவரும் அடுத்த வாரமும் போவார். பல வாரங்களில் அது விளையாட்டா நிஜமா என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஒருமுறை என்னையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். கட்டட வேலைக்கு வந்த மலைக்குடும்பம் ஒன்று. ஏழு மாதக் குழந்தை எடை ஏறாமல் எலும்பும் தோலுமாக இருந்தது. வாராவாரம் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று வரவில்லை. சாமை அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற, வா" என்றார். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஒத்தையடிப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். சாமைக் கொல்லையில் அறுத்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தையின் அம்மா எங்களைப் பார்த்ததும் அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டாள். மரத்தில் கட்டிய புடவைத் தூளியில் குழந்தை கிடந்தது.

நர்ஸம்மா திட்ட வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "மருந்து இனாம்தான், இல்லேங்கல. அங்க வந்து குந்தினா அன்னிக்குக் கூலி பூடுது. அத யாரு குடுக்கறது?"

நர்ஸம்மா திட்டவில்லை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, விலாவைத் தடவிப் பார்த்தார். "அறுப்பு முடிஞ்சதும் கீழ வா. நீ ஆஸ்பத்திரிக்கு வராத, நான் வேலையாண்ட வரேன்" என்றார். அப்படியே செய்தார். தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய், சாரத்துக் கம்பில் தராசைக் கட்டி எடை பார்த்தார். அந்தக் குழந்தை பிழைத்தது. பிறகு சித்தாள்களுக்கு நடுவே மணலை வாரித் தின்றுகொண்டு தவழ்ந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது, "எதுக்கும்மா இப்படி அலையறீங்க?" என்று கேட்டேன்.

"பசிக்குது, சாப்புடறோம். எதுக்குன்னு கேட்டுக்கினா சாப்புடறோம்? போடி."

இப்படி எழுதிக்கொண்டு போனால் அவரைத் தெய்வமாக்கிவிடுவேன் போலிருக்கிறது. ஏரிக்கரையில் பலருக்கு அவரைப் பிடிக்காது. குடை திரும்பும்போதே "நர்ஸு வருது" என்று பிள்ளைகள் கத்தும். இரண்டு கதவுகள் சாத்திக்கொள்ளும். அவர் எந்த வாசலில் நிற்கிறாரோ அந்த வீட்டில் யாருக்கோ என்னவோ என்று அன்றைக்கே தெரு பேசும். அதுவும் முகக்கவசம் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். காசநோய்தான் என்று தீர்மானித்துவிடுவார்கள். இதை நான் சொன்னபோது, "பேசட்டுமே. பேசினாதான் நாலு பேருக்கு பயம் வந்து மாத்திரை போடுவான்" என்றார்.

தேவகி வந்தது ஓர் ஆவணி மாதத்தில். நைனார்பாளையத்துப் பெண், இருபத்திரண்டு வயது. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. அம்மாவோடு லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். இரண்டு மாத இருமல். சளியைப் பரிசோதித்ததில் காசநோய். அரசாங்க மாத்திரையையே எங்கள் வழியாகக் கொடுத்தோம். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு திங்களும் வந்து ஒரு வாரத்து மாத்திரை வாங்கிப் போகவேண்டும் என்பது நர்ஸம்மாவின் கட்டளை. கூடுதலாகக் கையில் கொடுத்தால் ஆளை விட்டுவிடுவோம் என்பார்.

தேவகி ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். "நானே வந்து வாங்கிக்கிறேம்மா. வூட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

"நீ ஒழுங்கா வந்தா நான் எதுக்குடி வரேன்?"

வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, மூச்சு வாங்க நின்று, மாத்திரையைக் கைப்பைக்குள் புடவைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ஓடுவாள். முதல் மாதத்திலேயே இருமல் நின்றது. முகத்தில் சதை வைத்தது. எனக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது என்ன நிறம் பொருந்தும் என்றெல்லாம் சொல்வாள்.

தீபாவளி நெருங்கியது. ஒரு திங்கள் வந்தபோது நர்ஸம்மா உள்ளே குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி என் மேஜையில் குனிந்து, "அக்கா, இனிமே பண்டிகை முடியறவரைக்கும் சாப்பாட்டுக்குக்கூட வெளிய வுட மாட்டாங்க. மூணு வாரத்துக்குச் சேத்துக் குடுக்கா" என்றாள்.

"நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாங்க."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்கா. சத்தியமா."

கொடுத்தேன். பதிவேட்டில் ஒரு வாரம் என்றே எழுதினேன். "யாராச்சும் கேட்டாக்கூட என்னைக் காட்டிக் குடுத்துடாத. என் வேலை பூடும்" என்று வேறு சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கள் அவள் வரவில்லை. செவ்வாய், புதனும் போயின. நர்ஸம்மாவின் விரல் அந்தப் பெயரில் வந்து வந்து நின்றது. கொடுத்திருந்த போன் எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். தேவகியோடு வேலை பார்த்து, கடையை விட்டு எப்போதோ நின்றுபோன பெண்ணாம். வியாழக்கிழமை குடையை எடுத்தார்.

"வேணாம்மா" என்றேன். "வூட்டாண்ட வர வேணான்னு அது கேட்டுக்கிச்சே."

"மானம் போனா நாலு நாள்ல திரும்பி வந்துடும். நுரையீரல் போனா வருமா?"

அவர் முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கும் நேரம் முழுக்க எனக்கு இருந்தது. மாத்திரை அவள் கையில் இருக்கிறது, நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை. திட்டுவார், அவ்வளவுதான். என் வாய் திறக்கவில்லை. வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீடு பூட்டித்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் வீட்டுக்காரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "தேவகி தெரிஞ்ச பொண்ணு, சும்மா பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா திரும்பிவிட்டார். வேறு ஒரு சொல் பேசவில்லை. ஆனால் முகக்கவசத்தோடு அந்த வாசலில் நின்றிருக்கிறார்.

சனிக்கிழமை காலை, வரிசை நிறைய ஆட்கள் நிற்கும்போது தேவகியும் அவள் அம்மாவும் இரண்டு பெரிய பைகளோடு வந்தார்கள்.

"வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. கடையிலயும் யாரோ போய்ச் சொல்லிட்டாங்க. இனிமே வர வேணான்னுட்டாங்க."

நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்தார். "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலையேடி. தெரிஞ்ச பொண்ணுன்னுதான சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லலம்மா. நீங்க வந்து நின்னதே போதும்."

கத்தவில்லை. அழவும் இல்லை. கடையில் விலை சொல்வதைப் போல அமைதியாகச் சொன்னாள். நர்ஸம்மா அந்த இரண்டு பைகளையும் பார்த்தார். கடைசியில் தனக்குத் தெரிந்த கேள்விக்கே வந்தார்.

"சரி, அத அப்பால பாக்கலாம். மாத்திரை போட்டியா இல்லியா? திங்கக்கெழம ஏன் வரல?"

தேவகி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் மாத்திரை அட்டையை வெட்டுவதைப் போலக் குனிந்துகொண்டேன்.

"இல்லம்மா. வுட்டுட்டேன்."

"பாத்தியாடி?" என்று நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "நான் போனது தப்பா?"

நான் தலையசைத்தேன். தப்பில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

"என் வூட்ல வந்து ரெண்டு பேரும் இருங்க" என்று அவர்களைக் கூப்பிட்டார். நிஜமாகத்தான் கூப்பிட்டார். "உங்க வூட்ல இருந்தா ஊருக்கே தெரிஞ்சிடும்மா" என்றாள் தேவகி. எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாலும் மருந்து தருவார்கள் என்று ஒரு சீட்டு எழுதி, ஒரு மாதத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினோம். அம்மாதான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டாள்.

தீபாவளிக்குப் பிறகு நர்ஸம்மா நைனார்பாளையத்துக்குப் போனார். திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள் என்று மாமன்காரர் சொல்லி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாராம். பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் போனார். முகவரி கிடைக்கவில்லை. தினமும் விரலை இழுத்துக்கொண்டு வரும்போது அந்தப் பெயர் இருந்த பழைய பக்கத்தையும் ஒருதரம் திருப்பிப் பார்ப்பார்.

ஆடி மாதத்தில் தேவகியின் அம்மா தனியாக வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, "எனக்கும் இருமல் வந்துடுச்சிம்மா. எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இதுதான்" என்றாள்.

"தேவகி எங்க?"

"செத்துப்பூட்டாம்மா. வைகாசில."

நர்ஸம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க குடுத்த மாத்திரை தீர்ற வரைக்கும் போட்டுக்கினு இருந்தா. அப்பால அந்தச் சீட்ட எடுத்துக்கினு போடின்னு எத்தினியோ சொன்னேன். ஆஸ்பத்திரில காட்டினா வூட்டுக்கு ஆளு அனுப்புவாங்கம்மா, இந்த வூடும் பூடும்னா. ரத்தமா வாந்தி எடுக்கறவரைக்கும் வேலைக்குப் போயிக்கினு இருந்தா. சீட்டு அவ பையிலயே இருந்துது, மடிச்சது மடிச்சபடி."

அந்த அம்மா குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவளுக்கும் காசநோய்தான். மாத்திரையை ஆரம்பித்தோம். எங்கே தங்கியிருக்கிறாள் என்று நர்ஸம்மா கேட்கவில்லை. எப்போதும் முதலில் கேட்கிற கேள்வி அது.

அன்று மத்தியானம் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பவில்லை. நான் பெயர் எழுதிய காகிதத்தை நீட்டினேன்.

"வேணாம்டி. என் மூஞ்சியப் பாத்தா வூடு காலியாவுது."

அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. ஊசி போட்டார், கட்டுக் கட்டினார், ஒரு மணிக்குச் சாப்பாட்டைத் திறந்து பாதி சாப்பிட்டு மூடினார். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனார். அதட்டலும் போய்விட்டது. முண்டுகிறவர்கள் முண்டினார்கள்.

புரட்டாசியில் ராசேந்திரன் மண்டியிலேயே விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போனது. அவர் மனைவி எங்களிடம் வந்து நர்ஸம்மாவுக்கு முன்னால் நின்றாள். "ரெண்டு மாசமா ஏம்மா நீங்க வரல? இன்னிக்கு வருவாங்கன்னு தெனம் மூட்டைக்குப் பின்னாடி போய் நின்னுக்கினு பாத்துக்கினே இருப்பாராம். கூட வேல செய்றவங்க சொல்றாங்க."

நர்ஸம்மா அவளுக்கு, ராசேந்திரனைப் படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது, வாயில் எப்படிக் கஞ்சி ஊற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார். மெதுவாக, இரண்டு முறை சொன்னார். அவள் போன பிறகு பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு தேவகியின் அம்மா மாத்திரைக்கு வரவில்லை. நான் சொன்னேன். நர்ஸம்மா கேட்காதவர் போல இருந்தார். அவர்தான் போகவில்லை, நானாவது போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு எனக்கு வழிதான். நானும் போகவில்லை.

வருகிறவர்கள் குறைந்தார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்து பார்த்தார்கள். ஆள் கம்மியாக இருக்கிற இடத்தில் நடத்துவதைவிட வேறு ஊரில் நடத்தலாம் என்று தீர்மானித்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்கழியோடு மூடினோம். நர்ஸம்மா களமருதூரில் தம்பி வீட்டோடு போய் இருந்துகொள்வதாகச் சொன்னார்.

கடைசி நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். மருந்துகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான்டி எனக்கு ஆறுதல். அந்தப் பொண்ணு முன்னயே மாத்திரைய வுட்டுடுச்சு. நான் போவலன்னாலும் அது வுட்டதுதான். அத நெனச்சிக்கினுதான் ராத்திரில தூங்கறேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றுவரை யோசிக்கிறேன். அவருக்கு உண்மை தெரியவேண்டும் என்றா சொன்னேன்? ஒரு வருஷமாக நான் தூங்காததால் சொன்னேன். அவரிடம் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்று சொன்னேன்.

"அது வுடலம்மா. நான்தான் சேத்துக் குடுத்தேன். என் வேலை பூடும்னு சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். எனக்காகத்தான் அன்னிக்குப் பொய் சொல்லிச்சு."

முழங்காலில் இருந்த கை நின்றது.

"எத்தினி நாளைக்குக் குடுத்த?"

"மூணு வாரத்துக்கு."

விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது.

"அப்ப நான் போய் நின்னப்ப அது கையில பதினோரு நாளு மாத்திரை இருந்துது."

"ஆமாம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து, கட்டி முடிக்காத பெட்டியைக் கட்டி முடித்தார். சாவியை மேஜையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன்.

தம்பி ஊர்ப் பக்கம் போகும் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றேன். "அம்மா" என்று கூப்பிட்டேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் எடுக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் நான் அங்கேயே நின்றேன். அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.